ரியாலிட்டி ஷோவும் நெல்லை வார்ப்புருவும்

ரியாலிட்டி ஷோ என்பது, எழுதிய வசனத்தை நடிகர் பேசாமல், பங்கேற்பவர் தம் பெயரிலேயே தோன்றிப் பேசுவதையும் நடந்துகொள்வதையும் பதிவுசெய்து தொகுத்து ஒளிபரப்பும் தொலைக்காட்சி வகை. திறன் போட்டி, குடும்பத் தகராறு விசாரணை, கண்காணிப்பு இல்லம் ஆகியன தமிழில் இதன் முதன்மை உட்பிரிவுகள். மூன்றாம் பிரிவைச் சேர்ந்த பிக் பாஸ், 1999இல் நெதர்லாந்தில் தோன்றிய பிக் பிரதரின் வழிவந்தது. தமிழில் 2017 ஜூனில் விஜய் தொலைக்காட்சியில், கமல்ஹாசன் தொகுத்து வழங்கத் தொடங்கியது.

வார்ப்புரு, அதாவது ஒரு வட்டாரத்தார் அனைவர்மீதும் ஏற்றப்படும் பொது உருவம், தாமிரபரணி பாயும் நெல்லைப் பகுதியினரைப் பொறுத்தவரை பெரிதும் பேச்சைச் சார்ந்தது. 'ஏலே', 'வே', 'அண்ணாச்சி' என்னும் விளிகளோடு வெள்ளந்தித்தனத்தையோ, திரைப்படங்கள் பரப்பிய அரிவாள் கோபத்தையோ ரியாலிட்டி ஷோவிலும் பார்வையாளர் எதிர்பார்க்கின்றனர். நெல்லை வழக்கையே தம் முத்திரையாக்கிய நகைச்சுவை நடிகர் இமான் அண்ணாச்சி பிக் பாஸின் ஐந்தாம் பருவத்திலும் (2021), 1986 வரை நெல்லை மாவட்டத்தில் இருந்த உடன்குடியைச் சேர்ந்த, டிக்டாக் வழி அறிமுகமான ஜி.பி.முத்து ஆறாம் பருவத்திலும் (2022) பங்கேற்றனர். பின்னவர் மகனைக் காண விரும்பித் தாமாகவே வெளியேறியது, வேடிக்கை மனிதர் என்னும் அவருடைய திரை உருவத்துக்குள் அடங்காத நிகழ்வு.

கண்காணிப்பு இல்லத்தில் ஒரு நாள் முழுதும் பதிவானது ஏறத்தாழ ஒரு மணி நேரமாகச் சுருங்குவதால், உண்மைத்தன்மையைப் படத்தொகுப்பாளரின் தேர்வே பெரிதும் தீர்மானிக்கிறது. தகராறு விசாரணை நிகழ்ச்சிகளில் தனியுரிமைச் சிக்கல் கூடுதல். ஜீ தமிழின் 'சொல்வதெல்லாம் உண்மை'க்கு, நெல்லையையும் தன் எல்லைக்குள் கொண்ட சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2018இல் இடைக்காலத் தடை விதித்தது.