பெயர் எழுதாத முகங்கள்: பழவேற்காட்டுக் கரையில் குடும்பப் படங்களின் வரலாறு

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் மீஞ்சூரைத் தாண்டியதும் நிற்கும் ஊர் அனுப்பம்பட்டு. அடுத்தது பொன்னேரி. அங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், இரண்டுக்கும் நடுவே குப்பம் குப்பமாக மீனவர் குடியிருப்புகள்.

இந்தக் கரையில் இறந்தவர்களின் பெயரை அழியாமல் எழுதி வைத்தவர்கள் டச்சுக்காரர்கள். 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை வணிகத்துக்கு இதையே தலைமையிடமாக வைத்திருந்தார்கள். கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது. கல்லறைத் தோட்டம் மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. மண்டை ஓடும் எலும்புக்கூடும் செதுக்கிய கற்கள், குடும்பச் சின்னங்கள், பிறந்த நாள், இறந்த நாள் எல்லாவற்றையும் இன்றும் படிக்கலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஏரியில் வலை வீசிய ஒருவரின் முகத்தையும் பெயரையும் அவருடைய கொள்ளுப்பேரனிடம் கேட்டால், பெரும்பாலும் பதில் கிடைக்காது.

இத்தனைக்கும் யார் யாருடைய பிள்ளை என்ற கணக்கைப் பழவேற்காட்டு மீனவர்கள் மிகக் கவனமாக வைத்திருப்பவர்கள். ஏரியில் எந்தப் பகுதியில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்பதைத் தீர்மானிக்கும் ‘பாடு’ முறை இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. பட்டினவர் சமூகத்தில் மணமான ஆண் ஒரு தலைக்கட்டாகக் கணக்கில் சேருவார். ‘பாடு’ முறையில் பங்கு அந்த வழியில்தான் வரும். ஆக, வம்சாவளி இங்கே வயிற்றுப் பாட்டோடு ஒட்டியது. ஆனால் அந்தக் கணக்கு ஆண்களின் பெயர்களோடு நின்றுவிடும். பாட்டிகளும் அத்தைகளும் சிறுவயதிலேயே போய்விட்ட குழந்தைகளும் அதில் வரமாட்டார்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து இருக்கும் ஒரே இடம், சுவரில் ஆணியடித்து மாட்டிய படமும் டிரங்குப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்த ஆல்பமும்தான்.

தமிழகத்தில் கேமரா வந்த புதிதில் அது குடும்பங்களுக்காக வரவில்லை. 1856-ல் மெட்ராஸ் புகைப்படக் கழகம் தொடங்கப்பட்டது. அரசுப் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் 1857, 58-ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றி, கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். மனிதர்கள் பக்கம் கேமரா திரும்பியபோதும் அவர்கள் மாதிரிகளாகத்தான் பதிவானார்கள். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ என்ற ஆங்கிலப் படத்தொகுப்பில், பெரும்பாலான படங்களின் கீழே இருப்பது சாதிப் பெயர் அல்லது குலப் பெயர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலிலும் இதே கதைதான். கேமராவுக்கு முன் நின்றவருக்கு ஒரு வீடு இருந்தது, கூப்பிட ஒரு பெயர் இருந்தது. அதை எழுதிவைக்க வேண்டும் என்று படமெடுத்தவருக்குத் தோன்றவில்லை.

அந்த நிலையை மாற்றியது ஸ்டூடியோ.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மவுண்ட் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் படமெடுத்த தொழில், இருபதாம் நூற்றாண்டில் மெல்ல மெல்லச் சிற்றூர்களுக்குப் பரவியது. ஜெலட்டின் பூசிய உலர்தகடு வந்தபின், கண்ணாடித் தகட்டில் அவ்வப்போது ரசாயனம் பூசி ஈரம் காய்வதற்குள் படமெடுக்க வேண்டிய அவசரம் போய்விட்டது. கடைத்தெருவில் ஓர் அறை, கூரையில் வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடித் திறப்பு, பின்னால் மாளிகைத் தூணும் படிக்கட்டும் வரைந்த திரை, ஒரு முக்காலி, ஒரு பூச்சாடி. இவை இருந்தால் ஸ்டூடியோ தயார். படத்துக்கு வருகிறவர் எந்த உடையில், யார் பக்கத்தில், எந்த முகத்தோடு நிற்பது என்பதை அவரே முடிவு செய்துகொண்டார். இரவல் வாங்கிய கைக்கடிகாரமும் மடிப்புக் கலையாத வேட்டியுமாக நிற்கும் இளைஞனின் படத்தில், அவன் தன்னைப் பற்றி உலகுக்குச் சொல்ல விரும்பியது முழுக்க இருக்கிறது.

தமிழ் ஸ்டூடியோக்களுக்கென்றே சில வகைகள் உருவாயின. அவற்றில் அழகானது வளைகாப்புப் படம். நிறைமாதப் பெண்ணுக்குப் பூத் தைத்து, பின்னலின் அழகு தெரியும்படி கண்ணாடி முன் நிறுத்தி எடுப்பார்கள். முகம் கேமராவைப் பார்க்கும். பின்னாலிருக்கும் கண்ணாடியில் பூ ஜடை முழுதாகத் தெரியும். மொட்டையடித்துக் காது குத்திய குழந்தை, மாலையும் கழுத்துமாக மணமக்கள், பாவாடை கட்டிப் பூ வைத்த ஆண் குழந்தை என்று வரிசை நீண்டது. கடைசியாக ஒரு படம் இறப்பின்போது. உயிரோடு இருந்தவரை ஒரு படமும் எடுக்காதவரை, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சுற்றிலும் உறவுகள் நிற்க எடுத்துவிடுவார்கள். கணவன் இறந்து பல ஆண்டு கழித்து, அவருடைய பழைய படத்தையும் மனைவியின் புதுப் படத்தையும் இருட்டறையில் ஒன்றாக ஒட்டித் தம்பதியாக்கித் தருவதும் உண்டு. பென்சிலால் நெகட்டிவில் ‘டச்சிங்’ செய்து அம்மைத் தழும்பை மறைப்பது, கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டுவது எல்லாம் அந்தக் கைவினையின் பாகங்கள்.

இந்தத் தொழிலுக்குத் தேவையான பிலிமும் தாளும் ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலேயே செய்யப்பட்டன. ஊட்டியில் 1960-ல் அமைக்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் வந்த அதன் கறுப்பு வெள்ளைச் சுருளும் பிரிண்ட் தாளும் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் புழங்கின.

குப்பத்துக் குடும்பங்களுக்கு ஸ்டூடியோ என்பது பயணம். படகேறி ஏரியைக் கடந்து, பொன்னேரி போன்ற கடைத்தெரு ஊருக்குப் போக வேண்டும். கல்யாணம், காதுகுத்து தவிர வேறு எதற்கும் அந்தச் செலவு கட்டுப்படியாகாது. வாழ்நாளில் இரண்டு மூன்று படத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாத பெரியவர்கள் அநேகம். 1993-ல் டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது வாக்காளர் புகைப்பட அட்டைக்கு உத்தரவிட்டார். அதற்குப் பிறகு பல கிழவிகளின் முகம் முதன்முதலாகப் படத்தில் ஏறியது அந்த அட்டைக்காகத்தான். அவர்கள் இறந்ததும் அந்தக் கட்டைவிரல் அகலப் படத்தையே பெரிதாக்கி, பின்னணியை நீலமாக்கி, மாலை போட்டு மாட்டிய வீடுகள் தமிழகக் கரை நெடுக உண்டு.

வீட்டில் இருந்தது பிரிண்ட். நெகட்டிவ் இருந்தது ஸ்டூடியோவில். படத்தின் பின்பக்கம் ரப்பர் முத்திரையில் கடையின் பெயரும், பக்கத்தில் கையால் எழுதிய எண்ணும் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் பத்து ஆண்டு கழித்தும் மறுபிரதி கிடைக்கும். ஓர் ஊரின் முகங்களையெல்லாம் வரிசை எண் போட்டு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தவர் ஸ்டூடியோக்காரர். இந்த ஏற்பாட்டை யாரும் ஆவணக் காப்பகம் என்று சொன்னதில்லை. ஆனால் அது அந்த வேலையைத்தான் செய்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் டிஜிட்டல் கேமரா வந்ததும் அந்த அலமாரிகள் காலியாயின. கண்ணாடித் தகடுகளைக் கழுவி வேறு வேலைக்கு விற்றார்கள். நெகட்டிவ்களில் இருந்த வெள்ளிக்காக அவற்றை மொத்தமாக எடைக்கு வாங்கிச் சென்றார்கள். கடையை மூடியவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டிகள் இடத்தை அடைக்கும் சுமையாயின. மிச்சத்தை ஈரமும் பூஞ்சையும் பார்த்துக்கொண்டன.

இந்த இழப்பைக் கண்டு வேலையில் இறங்கியவர்களில் முக்கியமானவர் மானுடவியலாளர் ஸோயி ஹெட்லி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலிருந்து, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, அவரும் குழுவினரும் தமிழகத்தின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப் போனார்கள். ஏறத்தாழ 1880 முதல் 1980 வரையிலான படங்களை ஸ்கேன் செய்தார்கள். கண்ணாடி முன் நின்ற வளைகாப்புப் பெண்களும் இறந்தவரைச் சுற்றி நிற்கும் குடும்பங்களும் இன்று அந்தத் திட்டத்தின் வழியே ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறார்கள். ஆனால் ஸ்டூடியோ அலமாரியிலிருந்து மீட்ட படத்தில், நிற்பவர் யார் என்று சொல்ல வேண்டிய குடும்பம் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதில்லை. முகம் பிழைத்துவிடுகிறது, பெயர் பிழைப்பதில்லை. தர்ஸ்டன் காலத்துப் படத்தில் இருந்த அதே வெற்றிடம், வேறு காரணத்தால், மறுபடியும் வருகிறது. அதை நிரப்ப வீட்டாரால் மட்டுமே முடியும்.

ஏரிக்கரையில் இதைத் தள்ளிப்போட முடியாது. உப்புக்காற்றில் சட்டத்தின் ஆணி துருப்பிடிக்கும், பின்அட்டை ஊறும், ஜெலட்டின் ஈரம் குடித்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். எழுபது, எண்பதுகளின் வண்ணப் படங்கள் நீலம் வெளிறிச் சிவப்பேறி நிற்கும். இதற்கெல்லாம் மேலே தண்ணீர். 2004 டிசம்பர் 26-ல் வந்த ஆழிப்பேரலையில் படகும் வலையும் போனதைக் கணக்கெடுத்தார்கள். ஆல்பங்களுக்கு எந்த நிவாரணப் பட்டியலிலும் இடமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் தாழ்வான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

2011 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஜப்பானின் யமமோட்டோ ஊரில் தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து ஏறக்குறைய 7,50,000 படங்களைப் பொறுக்கினார்கள். ஒவ்வொன்றையும் கழுவி, உலர்த்தி, டிஜிட்டலாக்கி, உரியவர் வந்து அடையாளம் காட்டும்படி காட்சிக்கு வைத்தார்கள். அந்த அனுபவம் பழவேற்காட்டுக்கும் உதவும். நனைந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காயவிட்டால் அவை பிரியவே பிரியாது. ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த நல்ல தண்ணீரில் மெதுவாகப் பிரித்து அலசி, படப்பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்ப வேண்டும். முகத்தைத் துணியால் துடைக்கக் கூடாது.

வெள்ளம் வராத நாளில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துக் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளலாம். முடிந்தால் பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ கொடுத்து 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யலாம். படத்தின் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். கடை முத்திரையிலிருந்தே ஊரும் காலமும் கிடைத்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்பினால் குறையாது. ஒரு பிரதி ஏரிக்கரை வீட்டில் இருந்தால் இன்னொன்று சென்னையிலோ வேறு ஊரிலோ இருக்கும் பிள்ளையிடம் இருக்கட்டும். ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகாது. லேமினேஷன் வேண்டாம். ஒட்டும் பசைப் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பத்திலிருந்து, சிரமமில்லாமல் வருகிற படங்களை மட்டும் எடுத்துத் தனித்தனிக் காகித உறையில் போட்டால் போதும்.

பெயர் எழுதுவதில்தான் கூடுதல் கவனம் தேவை. பழைய தாளில் மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதலாம். பால்பாயிண்ட் பேனா தாளை அழுத்தி முன்பக்கம் தடம் பதிக்கும். வழவழப்பான வண்ணப் பிரிண்டில் பென்சில் பிடிக்காது, துண்டுச் சீட்டில் எழுதி உறைக்குள் வைக்க வேண்டும். ‘பெரியப்பா, சித்தி’ என்று மட்டும் எழுதினால், எழுதியவர் போன பிறகு அது யாருக்குப் பெரியப்பா என்று தெரியாமல் போகும். முழுப் பெயர், ஊரார் கூப்பிட்ட பட்டப்பெயர், யாருடைய மகன் அல்லது மகள், எந்தக் குப்பம், எந்த விசேஷம், தோராயமாக எந்த ஆண்டு, இந்தத் தகவலைச் சொன்னவர் யார் என்று ஏழு விவரம் இருந்தால் பேரப்பிள்ளைக்குப் போதும். எழுதத் தயங்கும் பாட்டிக்குக் கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, படத்தைக் கையில் கொடுத்தால், இடமிருந்து வலமாக ஒவ்வொருவரையும் அவரே சொல்லிக்கொண்டு போவார்.

யாரிடம் முதலில் போவது என்பதில் குழப்பமே இல்லை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வந்த முதியவர்களிடம்தான். ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் அந்தத் தீவு 1969-ல் ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்வானது. பிறகு அந்தத் தீவை விட்டுக் கிளம்ப வேண்டிவந்த மீனவக் குடும்பங்களும் பழவேற்காட்டுப் பக்கம் வந்து குடியேறின. விட்டுவந்த ஊர் இன்று வேலிக்குள் இருக்கிறது. அந்த ஊரின் வீடுகளையும் மணலையும் மனிதர்களையும் நேரில் பார்த்து வளர்ந்தவர்களில் பலருக்கு இன்று எழுபது வயதுக்கு மேல். அவர்கள் பெட்டிக்குள் இருக்கும் படங்களையும், அவற்றில் நிற்பவர்களின் பெயர்களையும் பதிவுசெய்யும் வேலையை, அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே குப்பத்துப் பள்ளிக்கூடங்களில் ஒன்றில் தொடங்கலாம். ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், கேட்டு எழுதத் தெரிந்த நாலைந்து மாணவர்கள் இருந்தால் போதுமானது.