நம்ம மலையின் பெயர் தாங்கிய மரம்

ஏற்காடு போனால் ஏரி, லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் பார்த்துத் திரும்பிவிடுகிறோம். அந்த மலையின் பெயரையே தாங்கிய ஒரு மரம் அங்கே இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அதன் பெயர் 'வெர்னோனியா சேர்வராயென்சிஸ்'. பெயர் சூட்டியவர், சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த காம்பிள். அவருடைய நூல் 1915 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. சேலம், நாமக்கல் பக்கம் வரப்பு ஓரங்களில் ஊதாப் பூவோடு நிற்கும் பூவாங்குறுந்தல் இதற்குச் சொந்தம்தான். அது சிறு செடி, இது மரம்.

வரப்புச் செடி எங்கும் பிழைத்துக்கொள்ளும். மரத்துக்கு மலைக்காடு வேண்டும். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகப் பெருகக் காடு சுருங்கியது. நிழலுக்கும் மிளகுக்கொடி ஏறவும் நட்டது ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக். நம்ம மரமோ இன்று அருகிவரும் இனங்களில் ஒன்று.

காப்பியைக் குறை சொல்லவில்லை. பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு. தோட்ட ஓரங்களில் மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளை வெட்டாமல் விட்டாலே பெரிய உதவி. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்களே, வனத்துறையினரிடம் கேட்டு இந்த மரத்தையும் காட்டுங்கள். பெயர் தெரியாத மரத்தைத்தான் விறகு என்று வெட்டிவிடுகிறோம்.