துப்பறிவாளரின் தோழன்: தமிழ்ப் புனைகதையில் எளிய துணைவனின் உருமாற்றம்

ஆய்வுச்சுருக்கம்

துப்பறியும் கதைகளில் வரும் எளிய துணைவன் வாசகரின் பதிலாளாகக் கருதப்படுகிறான். மேலைநாட்டிலிருந்து வந்த இவ்வார்ப்பு தமிழில், குறிப்பாகத் தேவன், சுஜாதா ஆகியோரின் படைப்புகளில், அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: துப்பறியும் புனைகதை, துணைவன், சாம்பு, வசந்த், வாசகர்

முன்னுரை

எட்கர் ஆலன் போ 1841இல் வெளியிட்ட கதையில், துப்பறியும் டுபினின் செயல்களைப் பெயர் சுட்டப்படாத நண்பர் ஒருவர் எடுத்துரைக்கிறார். 1887இல் கோனான் டாயில், அத்தகைய நண்பருக்கு மருத்துவர் வாட்சன் என்னும் பெயரையும் வாழ்க்கையையும் தந்தார். துணைவனின் அறிவு சராசரி வாசகரின் அறிவைவிட மிகச் சிறிதளவு குறைந்திருக்க வேண்டும் என 1929இல் ரொனால்டு நாக்ஸ் விதி வகுத்தார். இவ்விதி, எழுத்தாளர் தம் வாசகரை எந்நிலையில் வைத்து எண்ணுகிறார் என்பதையும் உணர்த்துகிறது. எனவே துணைவனின் வரலாறு ஒருவகையில் வாசகரின் வரலாறும் ஆகும்.

தழுவல் காலம்

தமிழில் இவ்வகைமை பண்டித நடேச சாஸ்திரியின் தானவன் கதைகளுடன் 1894இல் தொடங்கியது. அதனைப் பரவலாக்கியோருள் ஆரணி குப்புசாமி முதலியார் முதன்மையானவர். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியைத் தம் பெயரில் தாங்கிய அவர், ‘ஆனந்தபோதினி’ இதழின் ஆசிரியராக விளங்கியவர். ஆங்கில நாவல்கள் பலவற்றைத் தழுவி எழுதியவர். அவருடைய தழுவல்களில் மாந்தரின் பெயர்களும் சூழலும் இந்தியமாயின. கதையமைப்போ பெரிதும் மூலத்தைச் சார்ந்தே நின்றது.

தலைகீழான இணை

1940களில் ‘ஆனந்த விகட’னில் தேவன் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’ இவ்வமைப்பைத் தலைகீழாக்கியது. வாட்சனின் இடத்தில் நிற்கத் தக்க எளிய வங்கி எழுத்தர் இங்கே நாயகராகிறார். சாம்புவின் தடுமாற்றங்கள் தற்செயலாகக் குற்றவாளியைச் சிக்கவைக்கின்றன. இன்ஸ்பெக்டர் கோபாலனோ அவற்றை மேதைமை எனப் போற்றுகிறார். வாட்சன் உண்மையான மேதையைக் கண்டு வியந்தார். கோபாலன் இல்லாத மேதையைக் கண்டு வியக்கிறார். வாசகர் மட்டுமே இருவரைவிடவும் மிகுதியாக அறிந்தவர். நாக்ஸ் ஒரு நூலிழை உயரத்தில் வைத்த வாசகரைத் தேவன் வெகு உயரத்தில் அமர்த்திவிடுகிறார்.

வசந்த் என்னும் இளநிலை வழக்கறிஞன்

1968இல் ‘குமுத’த்தில் வெளிவந்த சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ தொடரில் வழக்கறிஞர் கணேஷ் தனியாகவே தோன்றினார். வசந்த் பிந்தைய கதைகளிலேயே இணைந்தான். வசந்தைத் ‘தமிழ் வாட்சன்’ எனக் கொள்வது எளிது. ஆயினும் அது பொருந்தாது. முதலாவதாக, அவன் கதைசொல்லி அல்லன். இரண்டாவதாக, அவன் அறிவில் குறைந்தவனும் அல்லன். கணேஷின் முடிவுகளோடு வாதிடுபவன். மூன்றாவதாக, ஹோம்ஸும் வாட்சனும் ஒரே இல்லத்தைப் பகிர்ந்துகொண்ட நண்பர்கள். கணேஷும் வசந்தும் மூத்த வழக்கறிஞரும் இளையவரும் ஆவர். ‘பாஸ்’ என்னும் வசந்தின் விளியில் பணிவும் கேலியும் ஒருங்கே ஒலிக்கின்றன.

அவன் தொடங்கி, ஒருபோதும் முழுமையுறாத மெக்ஸிகோ சலவைக்காரி நகைச்சுவை இங்கே குறிப்பிடத்தக்கது. வாட்சன் அறியாததை வாசகரும் அறிவதில்லை. வசந்தோ வாசகர் அறியாத ஒன்றை அறிந்தவன். துணைவன் வாசகரின் பதிலாளாக இருந்த நிலை மாறி, வாசகர் உடனிருக்க விரும்பும் தோழனாகிறான்.

முடிவுரை

பின்வந்த பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி ஆகிய இணைகளில் துணைமை பெண்ணுக்கும் உரியதாயிற்று. இவ்வெழுத்துகளைப் பொழுதுபோக்கு என ஒதுக்கும் இலக்கிய வரலாறு, அவை தம் வாசகரை எவ்வாறு கற்பனை செய்தன என்பதையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறது. விளக்கம் கேட்டு நிற்பவராக வைக்கப்பட்ட வாசகர், சாம்பு கதைகளில் அனைத்தும் அறிந்து சிரிப்பவராகவும், வசந்த் கதைகளில் வாதத்தைச் செவிமடுத்துத் தாமே எடைபோடுபவராகவும் மாறியுள்ளார். வார இதழ்கள் வளர்த்தெடுத்த இம்மாற்றம் தமிழ் வாசிப்பின் வரலாற்றில் இடம்பெறத் தக்கது.