டர்ஃப் யாருக்காகப் பிறந்தது? ஒரு பிளாஸ்டிக் கம்பளத்தின் கதை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல வர்ற முதல் கேள்வி என்ன? "சண்டே டர்ஃப் போடலாமா?" வேளச்சேரி, மேடவாக்கம், பெரும்பாக்கம், தாம்பரம்னு நம்ம பக்கம் எங்க போனாலும் சுத்தி வலை கட்டி, ஃப்ளட்லைட் போட்ட ஒரு பச்சைப் பெட்டி இருக்கு. பத்து பேர் காசு போட்டு ஒரு மணி நேரம் ஆடிட்டு, ஷூவுக்குள்ள போன கறுப்பு ரப்பர் துகளைத் தட்டிட்டு வீட்டுக்குப் போறோம்.

அந்தப் பச்சைப் பெட்டிக்கு அறுபது வருஷக் கதை இருக்கு. அதுல ஒரு அமெரிக்க பேஸ்பால் ஸ்டேடியம் வரும், இந்திய ஹாக்கி வரும், எழும்பூர் வரும், பிரேசில் கரும்புத் தோட்டம்கூட வரும். ஆனா நான் கேட்கப் போற கேள்வி ஒண்ணுதான்: தரை மாறினா, யார் ஆட முடியும்ங்கிறதும் மாறுமா?

இது புல் இல்ல, கார்பெட்

முதல்ல இது எப்படித் தயாராகுதுன்னு பார்த்துடலாம். பவானி ஜமுக்காளம் எல்லார் வீட்டுலயும் ஒண்ணாவது இருந்திருக்கும். அது தறியில பாவும் ஊடையுமா நெய்யறது. தட்டையா இருக்கும், நூல் எதுவும் மேல நிமிர்ந்து நிக்காது. கார்பெட் அப்படி இல்ல. அதுல நூல் முடி மாதிரி எழுந்து நிக்கணும். பழைய முறையில ஒவ்வொரு நூலையும் கையால முடிச்சுப் போடணும். ஒரு விரிப்பு முடிய மாசக் கணக்கு ஆகும்.

இதை மாத்தினது அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்து டால்டன் ஊரைச் சேர்ந்த கேத்தரின் எவன்ஸ்ங்கிற பொண்ணு. 1895-ல அவங்க ஒரு மெத்தை விரிப்புத் துணியில தடிமனான நூலை ஊசியால குத்தி இழுத்து, முனையை வெட்டிவிட்டாங்க. துவைச்சதும் துணி சுருங்கி நூலைக் கவ்விப் பிடிச்சுது, நூல் முனை பஞ்சு மாதிரி விரிஞ்சு நின்னுது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் கத்துக்கிட்டாங்க, ஊரே குடிசைத் தொழிலா செஞ்சுது. அப்புறம் ஒரே நேரத்துல நூத்துக்கணக்கான ஊசி குத்துற மெஷின் வந்துச்சு. இந்த முறைக்குப் பேர் டஃப்டிங். நெய்யாம, தச்சே கார்பெட் பண்ணிடலாம். இருபதாம் நூற்றாண்டோட பின்பாதியில டால்டன் உலகத்தோட கார்பெட் தலைநகரம் ஆயிடுச்சு.

இன்னைக்கு நீங்க ஆடுற டர்ஃபும் பெரும்பாலும் அதே குடும்பம்தான். பாலிஎத்திலீன் குருணையை உருக்கி, சின்னத் துளை வழியா இழுத்து, நீளமான நாடாவா மாத்துறாங்க. அந்த நாடாவை ஊசியில கோத்து ஒரு அடித்துணியில வரிசையா குத்துறாங்க. பின்பக்கம் பசை பூசி, சூட்டுல உலர்த்தி, மழைத்தண்ணி இறங்க ஓட்டை போட்டு, ரோல் ரோலா சுத்தி லாரியில ஏத்துறாங்க. கிரவுண்டுல ரோல்களை விரிச்சு, ஓரத்தோட ஓரம் ஒட்டி, மேல மணலும் ரப்பர் துகளும் கொட்டினா வேலை முடிஞ்சுது.

டவுன் பிள்ளைகளுக்காக

இப்போ பிறந்த கதை. 1950-கள்ல அமெரிக்காவுல ஒரு கவலை இருந்துச்சு. கிராமத்துப் பிள்ளைங்க அளவுக்கு டவுன் பிள்ளைங்களுக்கு உடம்புத் திடம் இல்லன்னு பேச்சு. காரணம்? டவுன்ல ஓடி ஆட இடம் இல்ல. இருக்கிற இடமும் சிமெண்ட். ஃபோர்டு அறக்கட்டளை பள்ளிக் கட்டடங்களுக்காகத் தொடங்கின அமைப்பு ஒண்ணு, அடர்த்தியான நகரத்துல எப்பவும் ஆடக்கூடிய ஒரு தரை வேணும்னு தேட ஆரம்பிச்சுது. மான்சான்டோ நிறுவனம் நைலான்ல ஒரு செயற்கைப் புல் செஞ்சு, 1964-ல பிராவிடன்ஸ் நகரத்து மோசஸ் பிரவுன் பள்ளியில விரிச்சுது. அப்போ அதோட பேர் கெம்கிராஸ்.

அடுத்த வருஷம், 1965-ல, ஹூஸ்டன்ல ஆஸ்ட்ரோடோம் திறந்தாங்க. கூரை போட்ட பிரம்மாண்டமான பேஸ்பால் ஸ்டேடியம். வெளிச்சம் வரணும்னு கூரையில கண்ணாடி மாதிரி பேனல். உள்ள நிஜப் புல். ஆனா பகல்ல பேனல் வழியா வந்த கூச்சத்துல ஆட்டக்காரங்களுக்கு மேல போன பந்து தெரியல. சரின்னு பேனலுக்கு பெயிண்ட் அடிச்சாங்க. பந்து தெரிஞ்சுது, புல் செத்துப்போச்சு! மிச்ச சீசனைச் செத்த புல்லுல பச்சை பெயிண்ட் அடிச்சு ஒப்பேத்தினாங்க. ஒரு பக்கை சரிபண்ணப் போய் இன்னொரு பக் வர்றது நமக்குப் புதுசா என்ன?

1966-ல அங்க கெம்கிராஸ் வந்துச்சு, ஆஸ்ட்ரோடர்ஃப்னு பேர் மாறிச்சு. இடமில்லாத பிள்ளைகளுக்காக யோசிச்ச பொருள், ரெண்டே வருஷத்துல டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஆட்டத்தோட அடையாளம் ஆயிடுச்சு.

மாண்ட்ரியல், 1976

இங்கதான் நம்ம நாடு உள்ள வருது. 1928-ல இருந்து 1972 வரைக்கும் இந்திய ஹாக்கி அணி போன ஒவ்வொரு ஒலிம்பிக்லயும் பதக்கம் வாங்கியிருக்கு. 1975-ல கோலாலம்பூர்ல உலகக் கோப்பை. அதுவும் புல் தரையில. அடுத்த வருஷம் மாண்ட்ரியல் ஒலிம்பிக்ல ஹாக்கியை முதல் தடவையா செயற்கைத் தரையில நடத்தினாங்க. நியூசிலாந்துக்குத் தங்கம். இந்தியாவுக்கு ஏழாவது இடம்.

என்ன வித்தியாசம்? புல் தரையில பந்து குதிக்கும், திரும்பும். அதை மட்டையோட ஒட்டவெச்சு எடுத்துட்டுப் போக மணிக்கட்டு வித்தை வேணும். நம்ம ஆளுங்களோட பலம் அது. கார்பெட்ல பந்து நேரா, வேகமா வரும். நீளமான பாஸ், ஓட்டம், மூச்சுப் பிடிப்பு இதுக்கெல்லாம் மதிப்பு கூடிடுச்சு.

"ஆஸ்ட்ரோடர்ஃப் வந்து நம்ம ஹாக்கியைக் கொன்னுடுச்சு"ன்னு அடிக்கடி கேட்டிருப்பீங்க. அது பாதி உண்மைதான். பாகிஸ்தானும் நம்ம பாணியிலதான் ஆடுச்சு. அவங்க அதே மாண்ட்ரியல்ல வெண்கலம் எடுத்தாங்க, 1984 லாஸ் ஏஞ்சலஸ்ல செயற்கைத் தரையிலயே தங்கம் எடுத்தாங்க. 1982 டெல்லி ஆசிய விளையாட்டு ஃபைனல்ல, அதே மாதிரி தரையில, நம்மளை 7-1-னு அடிச்சாங்க. நாமளும் 1980 மாஸ்கோவுல செயற்கைத் தரையிலதான் ஜெயிச்சோம். கேப்டன் நம்ம தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். பல பெரிய அணிகள் புறக்கணிச்ச போட்டி அதுங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும்.

அப்போ சிக்கல் எங்க? தரையில இல்ல, தரை யார்கிட்ட இருந்துச்சுங்கிறதுல. டர்ஃப் விலை அதிகம். போடணும், பராமரிக்கணும், சில வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ஹாக்கி டர்ஃபுக்கு ஒவ்வொரு மேட்சுக்கும் பல ஆயிரம் லிட்டர் தண்ணியும் அடிக்கணும். பணக்கார ஐரோப்பிய கிளப்புகள்ல சின்ன வயசுலயே அதுல ஆடிப் பழகினாங்க. நம்ம ஊர்ல ஒரு பையன் பள்ளிக்கூடத்து மண் தரையில மட்டையைப் பிடிச்சு, மேல மேல வந்து, பெரிய முகாமுக்குப் போனப்புறம்தான் டர்ஃபை மிதிச்சான். அதாவது ஆட்டத்தையே திரும்ப முதல்ல இருந்து கத்துக்கணும். மாஸ்கோவுக்கு அப்புறம் அடுத்த ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் 2021-ல, டோக்கியோவுல. நடுவுல 41 வருஷம்.

எழும்பூர்ல கரும்பு

இப்போ நம்ம சென்னை. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துல 2023 ஆகஸ்ட்ல ஆசிய சாம்பியன்ஸ் டிராபி நடந்துச்சு. அதுக்காகப் போட்ட புதுத் தரையோட பேர் பாலிகிராஸ் பாரிஸ் ஜிடி ஜீரோ. 2024 பாரிஸ் ஒலிம்பிக்லயும் இதே வகைதான். இதோட நூல்ல பெரும்பகுதி கரும்புல இருந்து வருது. பிரேசில்ல கரும்புச் சாற்றைப் புளிக்கவெச்சு எத்தனால், எத்தனால்ல இருந்து எத்திலீன், அதுல இருந்து பாலிஎத்திலீன். ஒரு விஷயம் கவனிங்க: மூலப்பொருள்தான் செடி, கிடைக்கிறது அதே பிளாஸ்டிக்தான். மண்ணுல மக்காது. தண்ணி குறைவா போதும்ங்கிறதும் இந்தத் தரையைப் பத்திச் சொல்ற இன்னொரு பெருமை. 2019 கோடையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வரவெச்ச ஊருக்கு அது சின்ன விஷயம் இல்ல.

அந்தப் போட்டியில மலேசியாவுக்கு எதிரான லீக் மேட்ச்ல முதல் கோல் அடிச்சவர் அரியலூர்க்காரர் செல்வம் கார்த்தி. அவர் உருவானது கோவில்பட்டியில, அரசு நடத்துற ஹாக்கி விடுதியில. அரசு ஒரு தரையையும் ஒரு விடுதியையும் கொடுத்தா என்ன நடக்கும்ங்கிறதுக்கு இதைவிட நேரடியான பதில் வேணாம். ஒடிசாவும் சுந்தர்கர் மாவட்டத்துல வட்டாரத்துக்கு ஒரு டர்ஃப்னு திட்டம் போட்டது இந்தக் கணக்குலதான்.

நம்ம ஏரியா பச்சைப் பெட்டி

ஃபுட்பால் டர்ஃப் வேற வழியில வளர்ந்துச்சு. 1990-கள்ல நீளமான நாடா, நடுவுல மணலும் பழைய டயர் துகளும்னு புது வகை வந்துச்சு. விழுந்தா பழைய நைலான் மாதிரி தோலை உரிக்காது. மழை விட்ட கொஞ்ச நேரத்துல ஆடலாம். சின்ன மனையே போதும். வளர்ற புறநகருக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி.

ஆனா ரெண்டு பிரச்சினை. ஒண்ணு சூடு. நல்ல வெயில்ல இந்தத் தரை 60 டிகிரியைத் தாண்டும். நம்ம ஊர்ல டர்ஃப் ராத்திரி வியாபாரமா இருக்கிறதுக்கு ஆபீஸ் டைமிங் மட்டும் காரணம் இல்ல. இன்னொண்ணு அந்தக் கறுப்புத் துகள். அது மைக்ரோபிளாஸ்டிக். மழையோட கால்வாய்க்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல இதுக்குத் தடை கொண்டுவந்துச்சு. 2031 வரைக்கும் அவகாசம். நம்ம பக்கம் மழைத்தண்ணி போய்ச் சேர்ற இடம் ஏரியும் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும்.

இதைவிடப் பெரிய கேள்வி, ஆரம்பத்துல கேட்டதுதான். டவுன் பிள்ளைகளுக்கு ஆட இடம் இல்லன்னு யோசிச்சுப் பிறந்த பொருள் இது. சம்பளம் வாங்குற நமக்கு ஒரு மணி நேர வாடகையைப் பத்து பேர் பிரிச்சுக்கிறது பெரிய விஷயம் இல்ல. பத்து பசங்க சேர்ந்து அந்தக் காசை வாரா வாரம் புரட்ட முடியுமா? முன்னாடி அவங்களுக்குக் காலி மனை இருந்துச்சு. இப்போ அதுல அபார்ட்மெண்ட் இருக்கு.

டர்ஃப் நடத்துறவங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லல. அவங்க வாடகை, கரண்ட் பில் கட்டித் தொழில் பண்றாங்க. இலவச மைதானம் கொடுக்க வேண்டிய பொறுப்பு வேற ஆளோடது. சென்னைப் பெருநகரத் திட்ட விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல மனை போட்டா, அதுல 10 சதவீதம் திறந்தவெளியா உள்ளாட்சிக்குத் தரணும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். நிலம்னு சொல்றாங்க. 2021-ல 5 நகராட்சியும் 5 பேரூராட்சியும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆச்சு. குரோம்பேட்டை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் அதுக்குள்ளதான். இந்தப் பக்கம் எத்தனை லேஅவுட் வந்திருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

ஒரு சின்ன வேலை பண்ணுங்க. உங்க லேஅவுட் பிளான்ல ஓ.எஸ்.ஆர். எங்க இருக்குன்னு தேடுங்க. அங்க போய்ப் பாருங்க: கேட் பூட்டியிருக்கா, புதர் மண்டியிருக்கா, பசங்க ஆடுறாங்களா? பூட்டியிருந்தா உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட ஏன்னு கேளுங்க. டர்ஃப்கூட வேணாம். கல்லு பொறுக்கின மண் தரையும், ரெண்டு கோல் போஸ்ட்டும், ஆறு மணிக்கு மேல ஒரு லைட்டும் போதும்.

கேட்டுட்டு என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.