எக்கிருமிக்கு எம்மருந்து?

வடநாட்டில் வாழும் தமிழ் நேயர்கள் ‘மியாதீ புகார்’ என்ற சொற்றொடரை அண்டை வீட்டார் வாயிலாகக் கேட்டிருக்கக் கூடும். புகார் என்றவுடன் நமக்கு முறையீடு நினைவுக்கு வரும்; இந்தியிலோ அது காய்ச்சலைக் குறிக்கும் சொல். மியாத் என்பது தவணை. ஆக, தவணைக் காய்ச்சல் என்பது பொருள். டைபாய்டுக்கு மக்கள் இட்ட பெயர் இது. மூன்று வாரமோ நான்கு வாரமோ தன் தவணை முடியும் வரையில் அது இறங்காது. மருந்தில்லாத அந்நாட்களில் வீட்டார் செய்யக்கூடியது கஞ்சித் தெளிவைப் புகட்டி, நெற்றியில் ஈரத்துணி இட்டு, நாட்களை எண்ணிக் கொண்டிருப்பது ஒன்றே. தவணை முடிவதற்குள் பத்துப் பேரில் ஒருவரோ இருவரோ இறந்து போவதும் உண்டு.

அந்தத் தவணையை முறித்த மருந்து 1948ஆம் ஆண்டில் கிடைத்தது. எனினும் அவ்வரலாற்றை அவ்வாண்டிலிருந்து தொடங்குதல் பொருந்தாது. எந்த மருந்து எந்தக் கிருமியை அடக்கும் என்று கேட்பதற்கு முன், கிருமிகளை இனம் பிரித்தறியும் வழி வேண்டும் அன்றோ? டைபாய்டுக் கிருமியை 1880இல் எபர்த் என்பவர் கண்டு கூறினார். நான்காண்டுகட்குப் பின், 1884இல், பெர்லின் நகர மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய டென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் ஒரு சாய முறையை வெளியிட்டார். எடையைக் குறிக்கும் கிராமுக்கும் இவருக்கும் தொடர்பில்லை. கண்ணாடித் தகட்டில் பரப்பிய கிருமிகளுக்கு ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் கரைசலை ஊற்றி, பின்னர்ச் சாராயத்தால் கழுவினார். சில கிருமிகள் ஊதா நிறத்தை விடாமல் பற்றிக்கொண்டன. சில நிறமிழந்து வெளுத்தன. தம் முறை குறைபாடுடையது என்று அவரே அடக்கமாகக் கூறிக்கொண்டார். குறைபாடுடைய அம்முறையே இன்றளவும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் முதற்படியாக நிற்கிறது. ஊதாவைப் பற்றுவன கிராம் பாசிட்டிவ் எனவும், விடுவன கிராம் நெகட்டிவ் எனவும் வழங்கலாயின. டைபாய்டுக் கிருமி இரண்டாம் வகையைச் சார்ந்தது.

1928ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டன் புனித மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்த கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதனை மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. ஆனால் 1929இல் அவர் வெளியிட்ட கட்டுரையைப் பற்றிப் பலரும் கூறாத செய்தி ஒன்று உண்டு. பெனிசிலினுக்கு அக்கட்டுரையின் தலைப்பிலேயே அவர் சுட்டிய பயன் நோய் தீர்ப்பதன்று. ஒரு கிருமியை மற்றவற்றினின்று பிரித்தெடுப்பது. புண்ணில் சீழ் கட்டச் செய்யும் கிருமிகளும், நிமோனியாக் கிருமியும், தொண்டை அடைப்பான் கிருமியும் பெனிசிலினுக்கு முன் அழிந்தன. இன்புளுயன்சாக் கிருமி என்று அக்காலத்தில் தவறாகப் பெயர் பெற்றிருந்த ஒன்று அழியவில்லை. ஆகவே தொண்டையிலிருந்து எடுத்த சளியை வளர்க்கும் தட்டில் பெனிசிலினை இட்டால், களையெல்லாம் மடிந்து, வேண்டிய கிருமி மட்டும் தழைக்கும் என்று அவர் கண்டார். எதனைக் கொல்லும், எதனைக் கொல்லாது என்ற பட்டியல் இவ்வாறு அம்மருந்தோடு உடன்பிறந்தது எனலாம். கொல்லாதவற்றின் பட்டியலில் டைபாய்டுக் கிருமியின் குடும்பமும் இருந்தது.

காரணம் பின்னரே தெளிவாயிற்று. கிருமி தன் உடலைச் சுற்றிக் கட்டும் சுவரைக் கெடுப்பதே பெனிசிலின் செய்யும் வேலை. ஊதாவைப் பற்றும் கிருமிகளின் சுவர் பருத்தது. வெளியே திறந்து கிடப்பது. மற்ற வகைக்குச் சுவர் மெல்லியது. ஆனால் அதன் மேல் ஒரு புறச்சவ்வு போர்த்தியிருக்கிறது. பெனிசிலின் அப்போர்வையைக் கடந்து உட்செல்ல இயலாமல் நின்றுவிடுகிறது. கிராம் ஏற்றிய சாயமும் பிளெமிங்கின் பட்டியலும் ஏறக்குறைய ஒத்துப்போனதன் பின்னே இவ்வுண்மை இருந்தது.

போர்க்காலத்தில் ஆக்ஸ்போர்டில் புளோரியும் செயினும் அவர்தம் தோழர்களும் பெனிசிலினை மருந்தாக்கினர். அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் 1943இல் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தார். பெனிசிலின் தொடாத கிருமிகளை, காசநோய்க் கிருமி உட்பட, அது தட்டில் அடக்கியது. டைபாய்டுக் கிருமியும் தட்டில் அடங்கவே, மருத்துவர் மகிழ்ந்தனர். நோயாளிக்குக் கொடுத்தபோது பயன் ஏற்படவில்லை. உடலினுள் டைபாய்டுக் கிருமி நம் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து குடியிருப்பது. ஸ்ட்ரெப்டோமைசினோ அணுவினுள் எளிதில் நுழையாதது. கண்ணாடித் தட்டில் பொருந்தும் மருந்து உடலிலும் பொருந்த வேண்டும் என்பதை மருத்துவ உலகம் இங்ஙனம் கற்றது.

இனி 1948. வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர் ஒன்று குளோராம்பெனிகால் என்ற புதுப்பொருளைத் தந்திருந்தது. குளோரோமைசெட்டின் என்பது அதன் வணிகப் பெயர். அமெரிக்க மருத்துவர்களான ஸ்மேடல், உட்வர்ட் முதலியோர் அதனை எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் சென்றனர். அவர்கள் நாடிச் சென்றது டைபாய்டு அன்று. பூச்சி கடித்தலால் வரும் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல். மருந்து அந்நோய்க்கு நன்கு பலித்தது. டைபஸ் என்று கருதி மருந்து தரப்பட்டவருள், பின்னர்ச் சோதனையில் டைபாய்டு என்று தெரியவந்தவரும் இருந்தார். அவர் காய்ச்சலும் இறங்கிற்று! உடனே டைபாய்டு நோயாளிகளையே தேடி மருந்து கொடுத்தனர். பத்துப் பேரைப் பற்றிய முதல் அறிக்கை அவ்வாண்டே வெளிவந்தது. வாரக்கணக்கில் எரிந்த காய்ச்சல் மூன்று நான்கு நாளில் தணிந்தது என்பது அவ்வறிக்கையின் சாரம்.

டைபாய்டு என்ற சொல்லுக்கே ‘டைபஸ் போன்றது’ என்பதுதான் பொருள். இரு நோய்களையும் பிரித்தறிய மாட்டாமல் மருத்துவர் நெடுங்காலம் திகைத்ததற்கு அப்பெயரே சான்று. அந்தத் திகைப்பே இம்முறை நன்மையாய் முடிந்தது. ஆனால் இத்தகைய நற்பேறு வழக்கமாக வாய்ப்பதன்று.

அதே 1948இல் அமெரிக்க லெடர்லி நிறுவனம் ஆரியோமைசினை வெளியிட்டது. அங்கு ஆராய்ச்சித் தலைவராக விளங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மறைந்தார். ஆரியோமைசினும் குளோராம்பெனிகாலும் இருவகைக் கிருமிகளையும் ஒருங்கே அடக்கியமையால் ‘பரந்த வீச்சுடையவை’ எனப் புகழப்பட்டன. புகழுக்குரியவையே. ஆயினும் ஒரு தீங்கு அதனுடன் வந்தது என்பது என் கருத்து. எதுவாயினும் இம்மருந்து பிடித்துக்கொள்ளும் என்ற எண்ணம் பரவவே, எக்கிருமி என்று கேட்கும் பழக்கம் தளர்ந்தது. சளிக்கும் இருமலுக்கும் குளோராம்பெனிகாலைக் கொடுத்தனர். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. எந்த ஆன்டிபயாடிக்கும் அதற்கு உதவாது. இதற்கிடையில் பல்லாயிரவருள் ஒருவர்க்கு இம்மருந்து எலும்பு மச்சையைக் கெடுத்து இரத்த உற்பத்தியையே நிறுத்திவிடும் என்பது 1950களின் தொடக்கத்தில் தெரியவந்தது. டைபாய்டு நோயாளி அந்த அபாயத்தை ஏற்கலாம். தும்மல் வந்தவர் ஏன் ஏற்க வேண்டும்?

கிருமிகளும் வாளா இருக்கவில்லை. மருந்தை எதிர்க்கும் திறனை ஒரு கிருமி மற்றொரு கிருமிக்கு, வேற்றினக் கிருமிக்கும் கூட, கைமாற்றிக் கொடுக்கிறது என்று ஜப்பானிய அறிஞர்கள் 1959இல் கண்டனர். 1972இல் கேரளத்துக் கோழிக்கோட்டில் பரவிய டைபாய்டு குளோராம்பெனிகாலுக்கு அடங்கவில்லை. ஆராய்ந்தபோது, அங்கும் அத்திறன் கைமாறக்கூடியதாகவே இருந்தது. அதே ஆண்டில் மெக்சிகோவிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

இனி ஊகம் போதாது. ஒவ்வொரு நோயாளியின் கிருமியையும் தனியே சோதித்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. அதற்கான எளிய முறையை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாவரும் கிர்பியும் உடன் உழைத்தோரும் 1966இல் ஒழுங்குபடுத்தித் தந்திருந்தனர். நோயாளியின் இரத்தத்தில் வளர்த்தெடுத்த கிருமியைத் தட்டு முழுதும் பூசி, மருந்தூட்டிய சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைத்து, ஓரிரவு கழித்துப் பார்ப்பர். அடக்கும் மருந்தைச் சுற்றித் தெளிந்த வட்டம் தோன்றும். அவ்வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து தீர்ப்புக் கூறுவர். முதல் வேளை மருந்து உட்கொள்வதற்கு முன்பே இரத்தம் எடுத்துவிடுதல் நலம். மருந்து சேர்ந்த பின்னர்க் கிருமி தட்டில் வளராமல் போகக்கூடும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒரு சொல். ஆய்வுக்கூட அறிக்கையில் மருந்தின் பெயருக்கு எதிரே ‘சென்சிடிவ்’ என்று இருந்தால், அம்மருந்து தமக்கு ஒவ்வாது என்று அஞ்சுவோர் உளர். அங்கே கூறப்படுவது நோயாளியின் இயல்பன்று, கிருமியின் இயல்பு. ‘அடங்கும்’ என்று தமிழில் எழுதினால் குழப்பமில்லை. ‘ரெசிஸ்டன்ட்’ என்பதற்கு ‘அடங்காது’ என்க.

கோழிக்கோட்டுக்குப் பின்னர் நிகழ்ந்தவற்றை விரைவாகவே கூறலாம். 1980களின் இறுதியில் பழைய மருந்துகள் பலவற்றுக்கும் ஒருசேர அடங்காத டைபாய்டு தோன்றியது. அதற்கு மாற்றாக வந்த சிப்ரோபிளாக்சசினும் நம் நாட்டில் பெரும்பாலும் வலுவிழந்தது. இன்று செப்ட்ரியாக்சோன் ஊசியும் அசித்ரோமைசின் மாத்திரையும் முன்னிற்கின்றன. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய வகை செப்ட்ரியாக்சோனுக்கும் அடங்கவில்லை. இந்திய அரசு 2014 முதல் உயர்வகை ஆன்டிபயாடிக்குகள் சிலவற்றை ‘எச்1’ என்ற அட்டவணையில் சேர்த்து, அவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது.

இதில் விந்தை யாதெனின், நெடுநாள் பயன்படுத்தாது ஒதுக்கி வைத்தமையால், பழைய குளோராம்பெனிகாலுக்கு மீண்டும் அடங்கும் டைபாய்டுக் கிருமிகள் இந்திய ஆய்வுக்கூடங்கள் பலவற்றின் தட்டுகளில் காணப்பட்டு வருகின்றன.