முயலுக்கு வந்த அகத்தி

முயல் வளர்க்கிறோம்னு சொன்னதும் பட்டணத்து ஆளுங்க கேக்குற முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை கேரட் போடுவீங்க?" கேரட் வாங்கிப் போட்டா கட்டுப்படியாகுமா? எங்க குச்சனூர் பக்கம் முயல் வளர்ந்தது மரத்து இலையிலதான். அந்த இலைக்கும் ஒரு வரலாறு உண்டு.

நம்ம காட்டு முயல் வேற, கூண்டு முயல் வேற. காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே மயிரோட, கண்ணைத் திறந்துக்கிட்டு வரும். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிக்கக் கூடாது. கூண்டு முயலோட பூர்வீகம் ஸ்பெயின் பக்கம். நமக்குப் பக்கத்துல கறி முயல் வளர்ப்புக்கு வழிகாட்டினது கொடைக்கானல் மலையில மன்னவனூர்ல இருக்கிற மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம். 1965-ல செம்மறி ஆட்டுக்காகத் தொடங்கினது, பிறகு முயலையும் சேர்த்துக்கிச்சு.

மலையிலருந்து இறங்கின முயலுக்கு இங்க கைகொடுத்தது சின்னமனூர் வெத்தலைக் கொடிக்கால். கொடி படர அகத்தி நடுவாங்க. நிழல் கூடினா கொப்பை ஒடிச்சு விடுவாங்க. ஒடிச்ச தழை ஆட்டுக்குப் போச்சு; முயல் வந்ததும் அதுக்கும் ஒரு பங்கு. வேலியில கல்யாண முருங்கை, கொல்லையில முருங்கை, பட்டுப்புழுவுக்கு நட்ட முசுக்கொட்டை எல்லாமே தீவனமாச்சு. ஆனா முயலுக்குன்னு யாரும் ஒரு மரம் நட்டதில்லை.

1980-கள்ல அதிசய மரம்னு சவுண்டலைப் பரப்பினாங்க. மெக்சிகோ பக்கத்து மரம். இலையில சத்து அதிகம். கூடவே மிமோசின்னு ஒரு நஞ்சும் உண்டு. ஹவாய் ஆடுகளுக்கு மட்டும் அது ஒண்ணும் செய்யலைன்னு ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் கவனிச்சார். அந்த ஆடுகளோட இரைப்பையில இருந்த ஒரு நுண்ணுயிரி நஞ்சை முறிச்சிருக்கு. 1992-ல அதுக்கு அவர் பேரையே வச்சாங்க. முயலுக்கு அசைபோடுற இரைப்பை கிடையாது. சவுண்டலை மட்டுமே போட்டா மயிர் கொட்டும். மத்த தழையோட கொஞ்சமாக் கலந்துதான் போடணும்.

பழமும் அப்படித்தான். கொய்யா, முசுக்கொட்டைப் பழம்னா ஆசையாத் தின்னும். இனிப்பு மிஞ்சினா வயிறு உப்பிக் கழிச்சல் வந்துடும். பால் மறந்த குட்டிக்கு ரொம்பவே ஆகாது. ஈரத் தழையையும் வாட விட்டுத்தான் போடணும்.

முயல் வளர்ப்புல பெரிய செலவே தீவனம்தான். இப்ப கொடிக்கால் முன்ன மாதிரி இல்லை. கொடிக்கால் அழிஞ்சா அகத்தியும் போயிடும். அப்புறம் மூட்டைத் தீவனம்தான். முயல் வித்த காசு தீவனக் கடைக்கே போய்ச் சேரும்.

அதனால முயல் வளர்க்க ஆசைப்படுறவங்க கூண்டு அடிக்கிறதுக்கு முன்னாடி வரப்புல அகத்தியை ஊனுங்க. எட்டு மாசத்துல முதல் வெட்டு எடுக்கலாம். முயல் அதுக்கப்புறம் வந்தாப் போதும்.