பழைய வால்வு முன்விரியலாக்கியை மதிப்பிடும் முறை



பழம்பொருளைப் போற்றுவோர் இரு வகையினர். பழையது என்ற ஒரே காரணத்துக்காகப் போற்றுவோர் ஒரு வகையினர். அப்பொருள் எக்காலத்தில், எத்தேவை கருதிச் செய்யப்பட்டது என்பதை அறிந்து போற்றுவோர் மற்றொரு வகையினர். இவ்விரு வகையினருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதற்கு, இசைத்தட்டுக் கேட்போர் இந்நாளில் தேடித் தேடி வாங்குகின்ற ஒரு சிறு பெட்டியின் வரலாற்றை இன்று எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘பிரீ அம்பிளிபயர்’ எனப்படும் வால்வு முன்விரியலாக்கியே அது. பிறர் பாவித்துக் கைமாறி வந்த அத்தகைய பெட்டியொன்றை எவ்வாறு மதிப்பிடுவது என்ற கேள்விக்கு, அதன் வரலாறே தக்க விடை தரும்.

முதலில் அதன் பணி யாதென அறிவோம். காந்த முறையில் அமைந்த ஒலியூசி இசைத்தட்டின் பள்ளத்திலே ஓடும்போது பிறப்பது ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் சில பங்கேயான மின்சைகை. ஒலிபெருக்கியை இயக்கும் பெரிய விரியலாக்கியோ ஏறத்தாழ ஒரு வோல்ற்று அளவான சைகையை வேண்டி நிற்கும். இடையே நின்று அச்சிறு சைகையைப் பல நூறு மடங்காகப் பெருக்கித் தருவதே முன்விரியலாக்கியின் முதற்பணி. இரண்டாம் பணியொன்றும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

இப்பெருக்கத்தைச் செய்யும் வால்வின் கதை 19ஆம் நூற்றாண்டிலே தொடங்குகிறது. மின்விளக்கை ஆராய்ந்த எடிசன், சூடேறிய இழையிலிருந்து வெற்றிடத்தினூடே மின் பாய்வதை 1883ஆம் ஆண்டிலே பதிவு செய்தார். அவ்வியல்பைப் பயன்படுத்தி இங்கிலாந்திலே பிளெமிங் 1904ஆம் ஆண்டில் முதல் வால்வைப் படைத்தார். அமெரிக்கரான லீ டி பொறெஸ்ட் 1906ஆம் ஆண்டை அடுத்து அதனுள்ளே ஒரு கம்பிவலையைப் புகுத்தினார். அவ்வலையில் எழும் சிறு மாற்றம் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிப் படைக்கலாயிற்று. மடையிலுள்ள சிறு பலகை வாய்க்கால் நீர் முழுவதையும் அடக்கி ஆள்வது போன்றது இது. 1915ஆம் ஆண்டிலே நியூயோர்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தொலைபேசிக் குரல் சென்றது இவ்வால்வுகளின் துணையாலேயே ஆகும்.

ஆயினும் பெருக்கிய குரல் திரிபுபட்டே ஒலித்தது. இக்குறையைக் களையும் வழி, 1927ஆம் ஆண்டிலே ஹட்சன் ஆற்றைப் படகிலே கடந்து பணிக்குச் சென்றுகொண்டிருந்த ஹரோல்ட் பிளாக் என்னும் பொறியியலாளரின் உள்ளத்தில் உதித்தது. வெளிவரும் சைகையின் ஒரு பங்கைத் தலைகீழாக்கி மீண்டும் உள்ளே செலுத்தினால் திரிபு தன்னைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதே அவர் கண்ட உண்மை. கையிலிருந்த செய்தித்தாளிலேயே அதனை அவர் குறித்துக்கொண்டார். எதிர்ப்பின்னூட்டல் எனப்படும் இம்முறையே பிற்காலத்து நல்ல கருவிகள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை.

இனி இரண்டாம் பணிக்கு வருவோம். 1925ஆம் ஆண்டிலிருந்து இசைத்தட்டுகள் மின்முறையிலே பதிவு செய்யப்பட்டன. தாழ்ந்த சுருதிகளை உள்ளவாறே வெட்டினால் ஊசி மிக அகலமாக ஆடி அடுத்த பள்ளத்தைத் தொட்டுவிடும். ஆதலால் அவற்றைக் குறைத்து வெட்டினர். உயர்ந்த சுருதிகள் தட்டின் இரைச்சலிலே மூழ்கிவிடாதிருக்க, அவற்றைக் காலப்போக்கிலே மிகைப்படுத்தி வெட்டினர். குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைத்துத் தருவதே முன்விரியலாக்கியின் இரண்டாம் பணி.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. எந்தச் சுருதியிலே குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதில் நிறுவனங்கள் தத்தமக்கென வெவ்வேறு அளவுகளை வைத்திருந்தன. 1948ஆம் ஆண்டிலே கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நீள்தட்டை வெளியிட்டபோது அதற்கும் ஒரு தனியளவு பிறந்தது. 1954ஆம் ஆண்டிலே அமெரிக்க இசைத்தட்டு உற்பத்தியாளர் சங்கம் ஒரு பொது அளவை வகுத்த பின்னரே உலகம் படிப்படியாக ஒருமைப்பட்டது. அப்பொது அளவின்படி, செக்கனுக்கு 20 அதிர்வுள்ள தாழ்சுருதியை, 1,000 அதிர்வுள்ள சுருதியோடு ஒப்பிடுகையில், ஒன்பது மடங்குக்கும் மேலாக உயர்த்தித் தரவேண்டும். ஆகவே 1954ஆம் ஆண்டுக்கு முற்பட்ட தட்டொன்றைப் பொது அளவு மட்டுமே அறிந்த இக்காலக் கருவியிலே கேட்டால், பாடகரின் குரல் மெலிந்தோ மங்கியோ ஒலித்தல் கூடும். அது பாடகரின் குறையன்று. அளவு பொருந்தாமையின் குறை.

இத்தேவையே வீட்டு முன்விரியலாக்கியைத் தனிப் பெட்டியாக வளர்த்தது. இங்கிலாந்திலே லீக் நிறுவனம் 1945ஆம் ஆண்டிலே திரிபை 0.1 விழுக்காட்டளவுக்குத் தாழ்த்திய விரியலாக்கியை வெளியிட்டது. 1947ஆம் ஆண்டிலே வில்லியம்சன் என்பார் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழிலே வெளியிட்ட அமைப்பைப் பார்த்து ஆர்வலர் பலர் தம் கையாலேயே கருவிகளைச் செய்துகொண்டனர். பீற்றர் வோக்கர் 1936ஆம் ஆண்டிலே தொடங்கிய நிறுவனம், ஹன்றிங்டன் நகரிலிருந்து 1953ஆம் ஆண்டிலே ‘குவாட் 2’ விரியலாக்கியையும் அதற்கு இணையான முன்விரியலாக்கியையும் அளித்தது. இரட்டைத்தட ஒலி பரவியபோது, 1959ஆம் ஆண்டிலே ‘குவாட் 22’ வந்தது. அதன் பொத்தான்களை அமுக்கியும் குமிழ்களைத் திருப்பியும் தட்டின் வகைக்கேற்ப அளவை மாற்றலாம். தேய்ந்த தட்டின் இரைச்சலை வடிகட்டவும் செய்யலாம். அமெரிக்காவிலே சோல் மரான்ற்ஸ் என்பார் தம் வீட்டிலே தொடங்கிய முயற்சியின் கனியாக, 1958ஆம் ஆண்டளவில் ‘மரான்ற்ஸ் 7’ வெளிவந்தது. பழைய 78 சுழற்சித் தட்டுக்கும், பழைய கொலம்பியா நீள்தட்டுக்கும், பொது அளவுக்கும் என அதிலே தனித்தனி நிலைகள் உண்டு.

1947ஆம் ஆண்டின் இறுதியிலே பெல் ஆய்வுகூடத்திலே பிறந்த திரான்சிற்றர் இவ்வுலகை மாற்றியது. 1967ஆம் ஆண்டிலே குவாட் நிறுவனமே வால்வை விட்டுத் திரான்சிற்றர்க் கருவிக்கு மாறியது. வீடுகளிலிருந்த வால்வுப் பெட்டிகள் பரணேறின. பல குப்பைக்கும் போயின. பின்னர் அவற்றின் அருமையை உணர்ந்தோர் தேடத் தொடங்கவே, விலையும் ஏறியது, புகழும் ஏறியது. புகழ் ஏறிய இடத்திலே மதிப்பீடு மங்குவது இயல்பன்றோ?

அவ்வாறாயின் மதிப்பிடும் முறை யாது? கைக்கு வந்த பழைய பெட்டியை உடனே மின்னிலே இணைத்தல் கூடாது. அமெரிக்காவில் விற்பதற்கெனச் செய்த கருவி ஏறத்தாழ 117 வோல்ற்றுக்கு அமைந்தது. நம் நாட்டு 230 வோல்ற்று மின்னிலே அதனை நேரே இணைத்தால் அக்கணமே அழியும். குவாட் 22 போன்றவற்றுக்குத் தமக்கென மின்வழங்கி இல்லை. இணையான பெரிய விரியலாக்கியிலிருந்தே அவை மின்னைப் பெறும். இணையைப் பிரித்து ஒன்றை மட்டும் வாங்கியவர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்துக் கொள்ளளவிகளை நோக்குக. வானொலி திருத்துவோர் ‘கண்டென்சர்’ என்று சொல்லும் உறுப்புகள் இவை. ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு இசைச் சைகையை மட்டும் விட்டு, உயர்மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது இவற்றின் கடமை. தாளினாற் செய்த பழைய கொள்ளளவிகள் ஈரத்தை ஈர்த்துக் கசியத் தொடங்கும். நம் கடலோரக் காற்றிலே சொல்லவும் வேண்டுமோ? கசிந்தால் அடுத்த வால்வு நிலைகுலையும், ஒலி திரியும். மின்வழங்கியிலுள்ள கொள்ளளவி உலர்ந்தால் ஓயாத ரீங்காரம் எழும். கரித்தடைகள் முதுமையிலே தம் அளவை மீறினால் சீறல் ஒலி மிகும்.

இவற்றைச் சீர்செய்தபின் கேட்டுப் பார்த்தல் எளிது. தட்டு ஓடாதபோது ஒலியை ஓரளவு உயர்த்தி இரைச்சலைக் கவனிக்கலாம். வால்வைப் பென்சிலின் நுனியால் மெல்லத் தட்டினால் ஒலிபெருக்கியிலே மணியோசை எழுமாயின், அவ்வால்வு தன் பணிக்கு ஏற்றதன்று. ஒற்றைத்தடத் தட்டொன்றை இரு தடங்களிலும் ஒலிக்கச் செய்க. குரல் இரு ஒலிபெருக்கிகளுக்கும் நடுவே நில்லாது ஒருபுறம் சாய்ந்தால் தடங்கள் சமனற்றவை. இத்தேர்வுகளுக்கு விலை குறைந்த ஒலிபெருக்கியைப் பாவிப்பதே அறிவுடைமை. பெட்டியின் உள்ளே 200, 300 வோல்ற்று ஓடும். மின்னை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் கொள்ளளவிகளிலே தங்கியிருக்கும். ஆதலால் உட்புறத்தைத் தொடும் வேலை பயின்றவர்க்கே உரியது.

இக்கருவிகளின் ஒலியை ‘இனிமை’, ‘இதமான வெம்மை’ என்று பலரும் பாராட்டக் கேட்கிறோம். அப்பாராட்டிலே ஓர் எச்சரிக்கை வேண்டும். வோக்கர் போன்றோர் விரும்பியது இசையரங்கிலே எழுந்த ஒலியை உள்ளவாறு வீட்டுக்குக் கொணர்வதையே. தம் கருவி தானும் ஒரு சுவையைக் கூட்டவேண்டுமென அவர்கள் எண்ணியதில்லை. திருத்தப்படாத பெட்டியிலே சிலர் கேட்டு மகிழும் மங்கலான இனிமை, கசிந்த கொள்ளளவியின் செயலாகவும் இருக்கலாம். ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்போர் ஏடெழுதியவனின் பிழையையும் நூலாசிரியரின் பாடத்தையும் வேறு பிரித்து அறிவர். செல்லரித்த இடத்தை ஆசிரியரின் நடை என்று அவர்கள் கொள்வதில்லை. முன்விரியலாக்கியை உடையவரும் அவ்வாறே, அமைத்தவரின் கருத்தையும் காலம் செய்த சிதைவையும் வேறு பிரித்து அறிதல் வேண்டும்.

இதிலே இரு தீவிரங்கள் உள. பழைய உறுப்பு ஒன்றையும் மாற்றலாகாது என்பது ஒன்று. அவ்வாறு காத்த கருவி காட்சிப் பொருளாகும், வேலை செய்யாது. அனைத்தையும் பிடுங்கிப் புதுப்பிப்பது மற்றொன்று. அதன்பின் எஞ்சுவது பழைய முகப்புத் தகடு மாத்திரமே. நடுவழியே நல்வழி. பழுதுபட்டதை மட்டும் மாற்றுக. மாற்றிய உறுப்பைச் சிறு பேழையிலே இட்டு வைக்க. எதனை, எந்நாளிலே, ஏன் மாற்றினோம் என்பதை ஒரு தாளிலே எழுதிப் பெட்டியோடு சேர்த்து வைக்க. நமக்குப்பின் அதனைப் பெறுபவர் அத்தாளைக் கொண்டே மூலத்தை அறிவார்.

நம்மவர் வீடுகளிலே 1954ஆம் ஆண்டுக்கு முற்பட்ட இசைத்தட்டுகள் இன்னும் பல உள்ளன. பாட்டனார் வாங்கியவை, பாடியவர் மறைந்தும் குரல் மறையாதவை. அக்குரலை உரிய அளவிலே மீட்டுத் தரவல்ல பொத்தான்கள் இப்பழைய பெட்டிகளிலே உள்ளன. அவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்பதே நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி. பெட்டியின் பெயரும் விலையும் அதற்குப் பின்னரே.